மர கயாக்கின் காக்பிட் விளிம்பு: வளையம் வெட்டுவது முதல் கடைசி வார்னிஷ் வரை

மேல்தட்டை ஒட்டி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணி போர்த்தி, எப்பாக்சி என்ற பிசின் காய்ந்ததும், கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகு முடிந்துவிட்டது என்றே தோன்றும். பார்க்க வருகிறவர்களும் "அப்புறமென்ன, தண்ணியில விட வேண்டியதுதானே?" என்பார்கள். ஆனால் உட்காருவதற்காக நடுவில் வெட்டிய, காக்பிட் எனப்படும் அந்தத் துளையைச் சுற்றி விளிம்பு ஏறாதவரை அது படகாகாது. அந்த விளிம்பு ஒழுங்காக ஏறுவதற்கு ஓய்வு நாட்களில் மட்டும் வேலை செய்கிறவருக்கு மூன்று வாரமாவது பிடிக்கும்.

நான் சொல்லப்போவது ஒட்டுப்பலகைத் தகடுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எப்பாக்சியாலும் கண்ணாடியிழையாலும் இறுக்கிக் கட்டும் கயாக்கைப் பற்றி. வீட்டில் படகு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கையாளும் முறை இதுதான். 1963இல் பிரிட்டனில் வெளிவந்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகின் வழியாக உலகெங்கும் பரவியது. ஆணியில்லாமல் தைத்துப் படகு கட்டுவது நமக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் மசூலா படகுகளில் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால்தான் தைத்தார்கள். அவை நெளிந்து கொடுத்து அலையைத் தாங்கின. இங்கே தையல் தற்காலிகம்தான். எப்பாக்சி இறுகியதும் கம்பியை உருவிவிடுகிறோம்.

விளிம்பு என்ன வேலை செய்கிறது?

மேல்தட்டில் ஏறும் தண்ணீர் உள்ளே வழியாமல் தடுப்பதுதான் கண்ணுக்குத் தெரியும் வேலை. அதைவிடப் பெரிய வேலைகள் நான்கு இருக்கின்றன. துளையை மூட இடுப்பைச் சுற்றி அணியும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் மீள்கயிறு இந்த விளிம்பின் அடியில்தான் மாட்டிக்கொள்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் எடை முழுவதும் விளிம்பின் பின்பகுதியில் இறங்குகிறது. 4 மில்லிமீட்டர் தகட்டில் அவ்வளவு பெரிய துளை வெட்டிவிட்டதால் மேல்தட்டு இழந்த விறைப்பைத் திருப்பித் தருவதும் இதே வளையம்தான். நீரில் கவிழ்ந்தவருக்கு உதவ வரும் துணைப் படகோட்டி முதலில் பற்றுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

இன்யூட் மக்களின் பழைய கிரீன்லாந்து கயாக்குகளில் இது வளைத்த மரத்தால் ஆன வளையம். படகின் சட்டத்தோடு அதை ஆணியடித்து இணைக்க மாட்டார்கள். சட்டத்தின்மேல் போர்த்திய விலங்குத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். முன்னால் மாசிக் எனப்படும் வளைந்த குறுக்குக்கட்டையின்மேல் அது சாய்ந்து நிற்கும். துய்லிக் என்ற மேலங்கியின் கீழ்விளிம்பை இந்த வளையத்தில் இறுக்கிவிட்டால் மனிதனும் படகும் ஒன்று. கவிழ்ந்தாலும் உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாமல் நிமிர்ந்துவிடலாம். நாம் ஒட்டுப்பலகையில் செய்வதும் அதே வேலைக்காகத்தான். தோல் நெளிந்து கொடுத்த இடத்தில் நமக்கு எப்பாக்சி விறைத்து நிற்கிறது, அவ்வளவுதான்.

என் முதல் கயாக்கில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழிகாட்டியின் பாதி அதிலிருந்து வந்தது. விளிம்பின் மேற்புறத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து ஆறு கோட்டு வார்னிஷ் அடித்தேன். அடிப்புறம் யார் கண்ணிலும் படாது என்று ஒரே ஒரு கோட்டு எப்பாக்சியை அவசரமாகத் தடவி விட்டுவிட்டேன். ஒரு மழைக்காலம் போனது. விளிம்பின் வெளியோரத்தில் சாம்பல் நிறக் கறை எட்டிப் பார்த்தது. நகத்தால் கீறினால் மேல் ஏடு பெயர்ந்து வந்தது. ஒட்டுப்பலகையின் வெட்டுமுகம் அடியிலிருந்து தண்ணீரைக் குடித்திருக்கிறது. அதைச் செதுக்கி, காயவைத்து, புது மரம் வைத்து ஒட்ட மூன்று வார இறுதிகள் ஆயின. என்னைக் கேட்டால், விளிம்பு வேலையில் நேரத்தின் பாதியை அடிப்புறத்துக்குக் கொடுங்கள்.

அளவு

கடல் கயாக்குகளுக்குப் பரவலாக வைக்கும் அளவு ஏறக்குறைய 40 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம். முன்பக்கம் குறுகியும் பின்பக்கம் அகன்றும் சாவித்துளை வடிவில் இருக்கும். குறுகிய பகுதியில் மேல்தட்டு உங்கள் தொடைமேல் கொஞ்சம் நீண்டு நிற்கும்; அதைத் தொடையால் அழுத்தித்தான் படகைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும். அதனால் அழகுக்காக அந்த இடத்தை அகட்டிவிடாதீர்கள்.

ஆனால் அளவு உங்கள் காலுக்கு ஒத்துவர வேண்டும். பெட்டி அட்டையில் துளை வெட்டி, இரண்டு முக்காலிகளுக்கு நடுவே படகின் உயரத்தில் கட்டி வைத்து, தரையில் உட்கார்ந்து பாருங்கள். பின்பக்கம் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு காலாக மடக்கி வெளியே எடுக்க முடிய வேண்டும். முழங்கால் இடித்தால் 2 செ.மீ. நீட்டுங்கள். நீண்ட காலுள்ளவர்கள் 84 செ.மீ. வரை போகலாம். கடையில் ஸ்கர்ட் வாங்குவதாக இருந்தால் அதன் அளவுப் பட்டியலையும் இப்போதே பாருங்கள். வளையத்தை வெட்டிவிட்டு ஸ்கர்ட் தேடுவது, காலை அளக்காமல் செருப்பு வாங்கிய கதையாகிவிடும்.

மரமும் வளையங்களும்

விளிம்பு இரண்டு பகுதி. மேல்தட்டோடு ஒட்டி உயரம் கொடுப்பதை அடி வளையம் என்கிறேன். அதன்மேல் உட்கார்ந்து வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை மேல் வளையம் என்கிறேன்.

அடி வளையத்தின் உள்விளிம்பு துளையின் அளவே. அகலம் 22 மி.மீ. போதும். உயரம் 18 மி.மீ. வேண்டும். 9 மி.மீ. பலகையில் இரண்டு அடுக்கு வைத்தாலும் கணக்கு சரிதான். ஆனால் மேல்தட்டு வளைவாக இருப்பதால் 9 மி.மீ. பலகை முரண்டு பிடிக்கும். 6 மி.மீ. பலகையில் மூன்று அடுக்கு வையுங்கள். ஒவ்வொன்றும் சுலபமாக வளையும். மூன்றையும் ஒன்றாக ஒட்டிக் காயவைத்தால் அந்த வளைவிலேயே இறுகிவிடும்.

மேல் வளையம் 6 மி.மீ. ஒற்றை அடுக்கு. அகலம் 42 மி.மீ. உள்விளிம்புகள் ஒரே கோட்டில் நின்றால் வெளிப்பக்கம் 20 மி.மீ. நீட்டம் கிடைக்கும். தேய்த்து உருட்டிய பிறகு 18 மிஞ்சும். ஸ்கர்ட்டின் கயிறு பிடிக்க 15க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரம் வாங்கும்போது பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் மெரைன் பிளைவுட்டுக்கான தர எண் அதுதான். ஐஎஸ் 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகை. அலமாரிக்குச் சரி, இங்கே ஆகாது. "வாட்டர்ப்ரூஃப் சார், ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொன்னாலும் முத்திரையைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். வெளிநாட்டுப் படகுப் பட்டறைகளில் ஒக்கூமே பலகையை விரும்புவார்கள். அது எடை குறைவு. நம் மெரைன் பலகை அதைவிடக் கனம். விளிம்புக்கு அந்த எடை வித்தியாசம் பெரிதல்ல. வெட்டுவதற்கு முன் பலகையின் ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். உள் ஏடுகளுக்கிடையே ஓட்டை தெரிந்தால் வேறு பலகை கேளுங்கள். அந்த ஓட்டைதான் பின்னால் தண்ணீர் தங்கும் இடம்.

மேல் ஏட்டின் நாரோட்டம் படகின் நீளவாக்கில் இருக்கும்படி வளையத்தை வரையுங்கள். அப்போதுதான் இடவலமாக வளையும்போது பலகை இணங்கும். முழு வளையமாக வெட்டினால் நடுவில் நிறைய வீணாகும். அடி வளையங்களை இரண்டு பாதியாக வெட்டிச் சேர்க்கலாம். மூன்று அடுக்கிலும் இணைப்பு ஒரே இடத்தில் வராமல் செங்கல் கட்டுமானம்போல் மாற்றி வையுங்கள். மேல் வளையத்தை மட்டும் ஒரே துண்டாக வெட்டுங்கள். அங்கே சிக்கனம் வேண்டாம்.

வெட்ட ஜிக்சா போதும். பல் நெருக்கமான பிளேடு போட்டு, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே ஓட்டுங்கள். மீதியை ஒட்டியபின் அரத்தால் எடுத்துவிடலாம்.

கிளாம்ப்: பைப் வாங்கி வெட்டுங்கள்

வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். ஒட்டு காயும்வரை இறுக்கிப் பிடிக்க 5 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் என்றால் நாற்பது வேண்டும். அத்தனை சி கிளாம்ப் வாங்கினால் படகுச் செலவில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். ஹார்டுவேர் கடையில் 110 மி.மீ. பிவிசி பைப் இரண்டு மீட்டர் வாங்குங்கள். கனமான சுவருள்ள பைப்பாக இருக்கட்டும். ஹேக்சாவால் 35 மி.மீ. அகலத்துக்கு வளையல் வளையலாக அறுத்து, ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு வெட்டு. அந்த வெட்டை விரித்து மாட்டினால் அதுவே கவ்விக்கொள்ளும். பிடி போதவில்லை என்றால் ஒன்றின்மேல் இன்னொன்றை மாட்டுங்கள். கூடவே ஆறு நல்ல சி கிளாம்ப் வையுங்கள். முன்முனை, பின்முனை, நான்கு திருப்பங்கள் ஆகியவற்றுக்கு அவை தேவை. அங்கேதான் பலகை எழும்ப முயலும்.

முதலில் உலர்வாக மாட்டிப் பாருங்கள்

பசை கலக்குமுன் எல்லா அடுக்குகளையும் உலர்வாகவே மாட்டி, எல்லாக் கிளாம்ப்பும் போட்டுப் பாருங்கள். இந்த ஒத்திகையைத் தவிர்த்தவர்கள் எல்லோரும் பின்னால் வருந்தியிருக்கிறார்கள். டார்ச்சை உள்ளேயிருந்து அடித்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் வரை எப்பாக்சி நிரப்பிவிடும். அதற்குமேல் இருந்தால் அடி வளையத்தின் அடிப்பக்கத்தை இழைப்புளியால் சரிவாக எடுங்கள்.

எல்லாம் சரியாக உட்கார்ந்த நிலையில், அடுக்குகளின் ஊடாக மேல்தட்டு வரை நான்கு இடத்தில் 3 மி.மீ. துளை போடுங்கள். ஈர எப்பாக்சி எண்ணெய் தடவிய தட்டைப்போல வழுக்கும். கிளாம்ப்பை இறுக்க இறுக்க வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். அந்தத் துளைகளில் மூங்கில் குச்சியைச் செருகிவிட்டால் எதுவும் நகராது. குச்சி உள்ளேயே ஒட்டிக்கொள்ளட்டும். மறுநாள் அறுத்துச் சமன் செய்யலாம்.

நம் வெயிலும் எப்பாக்சியும்

படகு கட்டும் புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. எப்பாக்சி காயவில்லையே, ஹீட்டர் வையுங்கள் என்பார்கள். நமக்குப் பிரச்சினை தலைகீழ். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் எப்பாக்சியில் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் 40 நிமிடம் என்று டப்பாவில் போட்டிருந்தால், 35 டிகிரி மொட்டைமாடியில் 20 நிமிடம்தான். கோப்பையிலேயே வைத்திருந்தால் அதுவும் இல்லை. இறுகும்போது அது சூட்டைக் கக்கும், அந்தச் சூடு இன்னும் வேகமாக இறுக்கும். கால் லிட்டர் கலவை பிளாஸ்டிக் கோப்பையில் புகைந்து உருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் ஹார்டனரில் மெதுவான வகையையே வாங்குங்கள். 100 மில்லிக்குமேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். ரெசினுக்கும் ஹார்டனருக்கும் உள்ள விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அது எடையிலா கொள்ளளவிலா என்பதைப் படித்து, அதன்படி அளந்து ஊற்றுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் என்றைக்கும் காயாத பிசின்தான் மிஞ்சும்.

நேரம் மாலை நான்கு மணிக்குமேல். மரம் சூடேறும்போது அதன் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறி, ஈரப் பூச்சில் குமிழி குமிழியாக நிற்கும். மரம் குளிரும் வேளையில் அதே காற்று சுருங்கி எப்பாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

கையுறை, முழுக்கைச் சட்டை இரண்டும் கட்டாயம். எப்பாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையாக மாறினால் அது வாழ்நாள் முழுவதும் விடாது. கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். தின்னரால் துடைத்தால் அது கரைந்து தோலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும்.

அடி வளையத்தை ஒட்டுதல்

மேல்தட்டில் ஒட்டும் இடத்தை 80 எண் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பு போக எடுங்கள். ஒட்டும் முகங்கள் அனைத்திலும் முதலில் எதுவும் சேர்க்காத வெறும் எப்பாக்சியைத் தடவி, ஐந்து பத்து நிமிடம் குடிக்க விடுங்கள். வெட்டுமுகம் வறண்டு தெரிந்தால் மறுபடி தடவுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒட்டுக் கலவையில் உள்ள எப்பாக்சியை மரம் உறிஞ்சிக்கொண்டு, நடுவில் வறண்ட மாவுதான் மிஞ்சும்.

அடுத்து மிச்ச எப்பாக்சியில் சிலிகாப் பொடியும் சலித்த நைஸ் மரத்தூளும் சேர்த்துப் பிசையுங்கள். பதம் கெட்டித் தேங்காய்த் துவையல்; குச்சியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது. சிலிகாவைக் கொட்டும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், காற்றில் மிதக்கும் பொடி அது. கலவையை ஒவ்வொரு முகத்திலும் சீராகப் பரப்பி, மூங்கில் குச்சிகளில் கோத்து அடுக்கி, முன்முனையிலிருந்து இரண்டு பக்கமுமாகப் பின்னோக்கிக் கிளாம்ப் போட்டு வாருங்கள்.

தச்சு வேலை தெரிந்தவர்கள் இங்கே ஒரு பழக்கத்தை மறக்க வேண்டும். ஃபெவிகால் வைத்து ஒட்டும்போது எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது. எப்பாக்சி அப்படியல்ல, இடையில் மெல்லிய படலம் தங்கினால்தான் பலம். ஓரம் முழுக்கச் சீராகக் கலவை பிதுங்கி நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் இறுக்கினால் பசையை வெளியே துரத்துகிறீர்கள் என்றே அர்த்தம்.

பிதுங்கியதை ஈரமாக இருக்கும்போதே எடுங்கள். உள்பக்கம் தகட்டால் வழித்துவிடலாம். வெளிப்பக்கம் அடி வளையம் மேல்தட்டைத் தொடும் மூலையில், ஐஸ் குச்சியின் உருண்ட முனையை ஒரே இழுப்பாக இழுத்து வாருங்கள். சிறு குழிவான வளைவு அமையும். 5, 6 மி.மீ. ஆரம் போதும். பெரிதாக வைத்தால் ஸ்கர்ட் கயிறு உட்காரும் இடத்தை அது தின்றுவிடும். கிளாம்ப்புகளுக்குப் பின்னால் குச்சி போகாத இடங்கள் இருக்கும். மறுநாள் உளியால் எடுத்துக்கொள்ளலாம்.

மேல் வளையம்: அடிப்புறம் முதலில்

பல வழிகாட்டிகள் எல்லா அடுக்கையும் மேல் வளையத்தோடு சேர்த்து ஒரே நாளில் ஒட்டச் சொல்லும். நான் வேண்டாம் என்கிறேன். மேல் வளையம் ஏறிவிட்டால் அதன் அடிப்புறம் 18 மி.மீ. உயரமுள்ள ஒரு பொந்துக்குள் போய்விடும். அங்கே உப்புத்தாள் நுழையும், விரலில் அழுத்தம் இருக்காது. பிரஷ் நுழையும், கண் நுழையாது. ஆகவே ஒட்டுமுன் அதைக் கையில் எடுத்து, மேசையில் கவிழ்த்துப்போட்டு, அடிப்புறத்தை முடித்துவிடுங்கள்.

செய்முறை இது. மேல் வளையத்தை இடத்தில் வைத்து, கீழிருந்து அடி வளையத்தின் வெளிவிளிம்பைப் பென்சிலால் அதன்மேல் வரைந்துகொள்ளுங்கள். கோட்டுக்கு உள்ளே ஒட்டும் இடம், வெளியே ஸ்கர்ட் பிடிக்கும் இடம். அடிப்புறம் முழுவதையும் 120 எண் தாளில் தேய்த்து இரண்டு கோட்டு எப்பாக்சி அடியுங்கள். வெளி வெட்டுமுகத்துக்கு மூன்று. இரண்டாம் கோட்டு காய்ந்ததும் தண்ணீரில் நனைத்த பச்சை நார்த்தேய்ப்பானால் கழுவுங்கள். காயும்போது எப்பாக்சிமேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி கார்த்திகையில் இன்னும் அதிகம். அது தண்ணீரில் கரையும், ஆனால் உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே இழைந்துவிடும். கழுவியபின் வெளிப்பகுதியை 180 எண் தாளில் வழவழப்பாக்குங்கள், ஒட்டும் பகுதியை 80இல் சொரசொரப்பாக்குங்கள்.

எனக்கு மரவேலை சொல்லிக்கொடுத்த ஆசாரி அண்ணன் ஒருவர் இந்தக் கட்டத்தில் என் கையிலிருந்து வளையத்தை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரலை அடிப்புறத்தில் ஒரு சுற்று ஓட்டினார். மூன்று இடத்தில் நின்றார். "தம்பி, இங்க, இங்க, அப்புறம் இங்க. கண்ணால பாக்காத, விரலால பாரு." வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேய்த்தபோது மூன்று இடத்திலும் காய்ந்துபோன சொட்டு இருந்தது.

அடிப்புறம் முடிந்து ஓரிரு நாளுக்குள் ஒட்டிவிடுங்கள். எப்பாக்சி முழுதாக விறைக்குமுன் வளையம் சுலபமாக வளையும். பென்சில் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அடி வளையத்தின் மேல்முகத்தையும் கழுவித் தேய்த்து, முன்போலவே வெறும் எப்பாக்சி, பிறகு துவையல் பதக் கலவை, மூங்கில் குச்சி, கிளாம்ப். கிளாம்ப்பின் வாய் படும் இடங்களில் பாலித்தீன் துண்டு வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அதுவும் படகின் பகுதியாகிவிடும். பிதுங்கியதைக் குச்சியால் குழிவாக இழுத்துவிட்டு, இறுகுமுன் டேப்பை உரித்துவிடுங்கள். கைக்கண்ணாடியைப் படகின்மேல் படுக்கவைத்து டார்ச் அடித்தால் பொந்துக்குள் விட்டுப்போன இடமெல்லாம் தெரியும்.

வடிவம் கொடுத்தல்

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுக் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். முதல் வேலை உள்பக்கச் சுவர். நான்கு அடுக்கும் மேல்தட்டின் விளிம்பும் படிப்படியாக நிற்கும். அரைவட்ட மர அரத்தால் ராவி ஒரே சுவராக்குங்கள். டிரில்லில் மாட்டும் உருளை உப்புத்தாள் வேலையைச் சுருக்கும். கிரைண்டரில் தேய்ப்புத் தட்டு போட்டும் செய்யலாம்தான். ஆனால் ஒரு நொடி கை தவறினால் பள்ளம் விழும், நான் அதை இங்கே எடுப்பதில்லை. அடுக்குகளுக்கிடையே சிறு பொந்து தெரிந்தால் 2 மி.மீ. துளை போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் எப்பாக்சியைச் செலுத்துங்கள்.

அடுத்து ஓரங்களை உருட்டுவது. ஒவ்வோர் ஓரத்துக்கும் வெவ்வேறு அளவு. உள்விளிம்பின் மேல் ஓரம் உங்கள் இடுப்பும் தொடையும் உரசும் இடம். 4, 5 மி.மீ. ஆரத்துக்குத் தாராளமாக உருட்டுங்கள். வெளிவிளிம்பின் மேல் ஓரத்துக்கு 3 மி.மீ. போதும், அதற்குக் குறைந்தால் கண்ணாடியிழைத் துணி படியாமல் எழும்பி நிற்கும். வெளிவிளிம்பின் கீழ் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும், ஒரு மில்லிமீட்டர் கூர்மை மட்டும் எடுங்கள். இங்கே அதிகம் உருட்டினால் ஸ்கர்ட்டின் கயிறு வழுக்கி மேலே ஏறிவிடும். கூராகவே விட்டால் ஸ்கர்ட் துணி அறுபடும்.

கண்ணாடியிழை

துணி சதுர மீட்டருக்கு 135 முதல் 200 கிராம் எடையுள்ளது போதும். நேராக வெட்டிய பட்டை வளைவில் சுருங்கும், மடிப்பு விழும். துணியைக் குறுக்காக, நூலோட்டத்துக்கு 45 டிகிரி சாய்த்துப் பட்டையாக வெட்டுங்கள். ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வெட்டுவார்களே, அதே கணக்கு. அப்படி வெட்டிய பட்டை இழுத்த பக்கம் இணங்கும். வெட்டிய பட்டையைத் தூக்கித் தொங்கவிடாதீர்கள், நீண்டு மெலிந்துவிடும்.

பட்டையின் பாதை இது: மேல் வளையத்தின் வெளியோரத்தில் தொடங்கி, மேல்முகத்தைக் கடந்து, உள்சுவரில் இறங்கி, மேல்தட்டின் அடிப்பக்கம் 5 செ.மீ. வரை போக வேண்டும். விளிம்பையும் மேல்தட்டையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது இதுதான், இதை விட்டுவிட்டு வெறும் பசையை நம்பாதீர்கள். அதற்குமுன் மேல்தட்டின் அடிப்பக்க மூலையை உருட்டியிருக்க வேண்டும். படகைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வேலை செய்ய வசதியிருந்தால் அடிப்பக்கப் பட்டையைத் தனியாக, முதலில் ஒட்டிவிடலாம். தலைக்குமேல் ஈரத் துணி ஒட்டும் வேதனை மிச்சம்.

இடத்தில் எப்பாக்சி தடவி, துணியைப் போர்த்தி, பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஒற்றுங்கள். வெள்ளையாக இருந்த துணி கண்ணுக்குத் தெரியாமல் மறைய வேண்டும். வெள்ளைப் புள்ளி மிஞ்சினால் அங்கே காற்று இருக்கிறது. முன்முனைத் திருப்பத்தில் துணி மடிந்தால் கத்தரியால் சிறு வெட்டு கொடுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுங்கள். எப்பாக்சி தோல்போல் மாறும் ஒரு நேரம் வரும். நகம் பதியும், விரலில் ஒட்டாது. அப்போது புது பிளேடால் வெளியோரத்தில் தொங்கும் துணியை அறுத்தால் வெண்ணெய்போல் வரும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் மறுநாள் கம்பிபோல் நிற்கும் இழைகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

மறுநாள் துணியின் நெசவு மறையும்வரை இன்னும் இரண்டு கோட்டு.

தேய்ப்பும் வார்னிஷும்

ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த எப்பாக்சித் தூள், காய்ந்ததைவிட உடம்புக்குக் கெடுதல், உப்புத்தாளையும் அடைக்கும். பிறகு கழுவி, 120, 180, 220 என்று ஏறுங்கள். துணியின் நெசவு கண்ணில் பட்டால் உடனே நிறுத்தி, அங்கே மறுபடி எப்பாக்சி தடவுங்கள். முகமூடி இல்லாமல் ஒரு நிமிடமும் தேய்க்காதீர்கள்.

எப்பாக்சி வெயிலைத் தாங்காது. புறஊதாக் கதிர் பட்டு மஞ்சளாகி, வெளுத்து, உதிரும். வார்னிஷ்தான் அதற்குக் குடை. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, புறஊதாத் தடுப்பு உள்ள மெரைன் வார்னிஷ் அல்லது இரண்டு கலவை பாலியூரித்தேன் வாங்குங்கள். வீட்டுக் கதவு, மேசைக்கு அடிக்கும் மெலமைன் பாலிஷ் உள்ளறைக்கு உரியது, வெயிலிலும் நீரிலும் நிற்காது. நான்கு முதல் ஐந்து கோட்டு. ஒவ்வொன்றுக்கும் இடையே 320 எண் தாளில் லேசாக ஒரு தேய்ப்பு.

காலை ஆறு மணிக்கு, காற்று எழுமுன் அடியுங்கள். அதற்கு அரை மணி முன்னால் தரையில் வாசல் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். முதல் இரண்டு கோட்டுக்குப் படகைக் கவிழ்த்து வையுங்கள். அப்போது விளிம்பின் அடிப்புறம் வானத்தைப் பார்க்கும். குனிந்து ஒரு வளைபிரஷ்ஷால் நிதானமாக அடிக்கலாம், சொட்டு ஓரத்தில் தொங்காது. அது காய்ந்தபின் நிமிர்த்தி மேற்புறம்.

மாட்டிப் பார்த்தல்

கடைசி வார்னிஷ் நன்றாக இறுகியதும் முதலில் விரலை அடிப்புறத்தில் ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். அடுத்து ஸ்கர்ட். பின்பக்கத்தை முதலில் மாட்டி, இரு கையாலும் ஓரமாக இழுத்துவந்து முன்முனையில் முடிக்க வேண்டும். முன்முனையில் மாட்டியதும் பின்பக்கம் கழன்று வந்தால் அங்கே நீட்டம் போதவில்லை அல்லது கீழ் ஓரம் அதிகமாக உருண்டிருக்கிறது. மாட்டியபின் முன்னால் இருக்கும் இழுப்புப் பட்டை வெளியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் கழற்றுங்கள். வீட்டுத் தரையில் பத்து முறை கழற்ற வராத ஸ்கர்ட்டோடு தண்ணீருக்குப் போகாதீர்கள்.

எடைச் சோதனைக்குப் படகை மெத்தைமேல் வைத்து, விளிம்பின் பின்பகுதியில் மெல்ல உட்காருங்கள், இடவலமாக அசையுங்கள். எங்காவது டிக் என்று சத்தம் கேட்டால் அந்த இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு மறுபடி சிரிஞ்சை எடுங்கள். சத்தமில்லை என்றால் ஸ்கர்ட்டை மாட்டி, அதன் இடுப்புத் துளையைக் கட்டிவிட்டு, தோட்டக்குழாயால் விளிம்பைச் சுற்றிப் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே பழைய செய்தித்தாள் பரப்பி வைத்திருந்தால் சொட்டு விழுந்த இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

தாள் உலர்ந்திருந்தால் இடுப்பளவு நீருள்ள அமைதியான இடத்துக்கு, உயிர்காப்புச் சட்டையோடும் துணைக்கு ஒருவரோடும் போங்கள். முதல் நாள் துடுப்பு போடுவதற்கு முன் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, ஸ்கர்ட்டை இழுத்து, இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, இடுப்பைப் பின்னோக்கித் தள்ளி வெளியே வாருங்கள். மூன்று முறை. அதன்பிறகு கரையேற்றித் துடைத்து, விளிம்பின் அடிப்புறத்தை மறுபடி விரலால் பார்த்துவிட்டு, துடுப்பை எடுங்கள்.